பனிக் கணவாயில் ஒரு காய்

அத்தியாயம் 11

போன வாரம் ஸ்ரீரங்கன் தன் விளையாட்டுப் பலகையைக் காயவைத்துவிட்டு, காக்கை கொத்திவிடாமல் மொட்டைமாடியில் குடையோடு காவல் உட்கார்ந்திருந்ததைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை.

ஸ்ரீரங்கனும் நீரஜாவும் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் குடித்தனம் நடத்தியவர்கள். அங்கே ஒரு பட்டுக் கம்பெனியில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. போகும்போது இரண்டு பேர். ஜானு பிறந்து மூன்று பேர் ஆனார்கள். ஒரு மார்கழிப் பனியில் ஜானுவுக்கு மாரில் சளி கட்டியது. ஐந்து வயது நிரம்பவில்லை. மயிலாப்பூருக்குத் திரும்பி வரும்போது மறுபடியும் இரண்டு பேர்.

ஜப்பான் குழந்தைகள் வருஷப் பிறப்பன்று படம் போட்ட பெரிய காகிதத்தை விரித்து, பகடை உருட்டி விளையாடுவார்கள். பக்கத்து வீட்டு ஹாரு என்ற அம்மாள் ஜானுவுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஊருக்கு வந்த ஸ்ரீரங்கன் வேறு வேலை தேடவில்லை. நம் ஊர்க் குழந்தைகளுக்கு அதுமாதிரி ஒன்று செய்கிறேன் என்று தூரிகையும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூட வாத்தியாரான தம்பி சுப்பராமனின் தயவில் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்குத் தியாகராய நகர் பொம்மைக் கடைக்காரர் கங்காதரன் முன்னால் அந்த விளையாட்டை ஆடிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் கல் அச்சில் போட்டு, நவராத்திரிக்குக் கடையில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆடி முடிகிற சமயம். விடிந்து வெகுநேரம் ஆகியும் வானம் வெளுக்கவில்லை. காற்றும் இல்லை, மழையும் இல்லை. சித்திரக்குளத்துப் பாசி நாற்றம் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டிருந்தது.

நீரஜா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுப்பராமன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

"மன்னி, அண்ணா எங்கே?"

"குளிச்சிண்டிருக்கார். ஏன்?"

"உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"எதைப் பத்தி?"

சுப்பராமன் பின்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கம்பெனியில அவனை மறுபடியும் கூப்பிட்டிருக்கா. கோபேக்கே. எங்க டிராயிங் மாஸ்டரோட மச்சினன் அந்த ஆபீஸ்லதான் இருக்கான், அவன் சொன்னான். அண்ணா நேர்ல போய்ப் பார்த்திருக்கான். ஆத்துல கலந்துண்டு சொல்றேன்னுகூட ஒரு வார்த்தை இல்லையாம். சரின்னுட்டானாம்."

அரிவாள்மணையில் நீரஜாவின் கை நின்றது. பாதி நறுக்கிய காய் தண்ணீரில் விழுந்து மிதந்தது.

"சொல்லுவார்," என்றாள்.

"சொல்லலேன்னா?"

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு, சுப்பு. நீ ஒண்ணும் கேக்காதே. இன்னிக்கு அவருக்கு முக்கியமான நாள்."

"வந்த நாளா முக்கியமான நாள்தான்!" அவன் குரல் உடைந்தது. "அந்தப் பலகையில இருக்கற பூ, மலை, பட்சி, ஒண்ணாவது இந்த ஊர்ல உண்டா மன்னி? அண்ணா இன்னும் வந்து சேரலை. உடம்பு மட்டும் வந்திருக்கு."

கிணற்றடியில் ராட்டினச் சத்தம் நின்றது. சுப்பராமன் சட்டென்று நகர்ந்துபோனான்.

ஸ்ரீரங்கன் ஈரத் துண்டோடு நேரே கூடத்துக்குத்தான் போனான். பலகையைப் பிரித்துத் தரையில் வைத்தான்.

"நீரஜா, இங்கே கொஞ்சம் வாயேன். இந்த வெள்ளையைப் பாரு. விடியற்காலையில எழுந்து இன்னொரு பூச்சுக் குடுத்தேன். இப்போ பனி மாதிரி இருக்கா, சுண்ணாம்பு மாதிரி இருக்கா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். எத்தனையோ தடவை பார்த்த பலகைதான். இருந்தும் ஒவ்வொரு தடவையும் அது அவளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பாதை ஒரு கிராமத்தில் தொடங்கியது. முதலில் இலையில்லாத கிளைகளில் வெள்ளைப் பூ. அப்புறம் சகுரா மரங்கள். காய் அங்கே நின்றால் காகிதப் பூ ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடுத்து மின்மினிப் பூச்சிகள் பறக்கிற வயல். அங்கே நின்றவருக்கு இன்னொரு தடவை பகடை. அதைத் தாண்டினால் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பு இலை. பௌர்ணமிக் கட்டத்தில் ஒருவர் நின்றுவிட்டால் எல்லோரும் ஒரு சுற்று ஆடாமல் நிலாவைப் பார்க்க வேண்டும். அப்புறம் மலை உச்சி. அங்கே பனிக் கணவாய். அதைக் கடந்துவிட்டால் இறக்கம், கடல், கடலில் சூரிய உதயம். அங்கே ஆட்டம் முடியும்.

கணவாய்க்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் வைத்திருந்தான். எந்தக் காயும் அங்கே நின்றுதான் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது. பின்னால் வேறொரு காய் வருகிறவரைக்கும் காத்திருந்து, சேர்ந்துதான் இறங்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு ஆனதும் இரண்டு பேரும் அதை ஆடிப்பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவன் போய்க் கணவாயில் நிற்பான், இவள் வந்து சேர்வாள். அல்லது இவள் நிற்பாள். எப்படியானாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் கடலுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவன் முகத்தில் பழைய களை தெரியும். அதற்காகவே அவள் ஆடினாள்.

"பனி மாதிரிதான் இருக்கு," என்றாள். பிறகு, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

ஸ்ரீரங்கன் நிமிர்ந்தான். ஒரு நொடி உதடு அசைந்தது.

"ஆமாம். நீயும் கூட வா. எனக்கு அவாகிட்ட சட்டமெல்லாம் எடுத்துச் சொல்ல வராது. நீ சொன்னா புரியும்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுபார்த்தாள். அவன் பலகையைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

பனகல் பார்க்குக்கு எதிர்ச்சாரியில் இருந்தது கங்காதரனின் கடை. வாசலில் தகர மோட்டார் கார்களும் செல்லுலாயிட் பொம்மைகளும் கயிற்றில் தொங்கின. பின்பக்கம் ஒரு சின்ன அறை. அங்கே பாய் விரித்து, கங்காதரனின் மனைவி அங்காளம்மாள் வெற்றிலைத் தட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"வா சாமி, வா. இதான் உன் சம்சாரமா? வாம்மா," என்றார் கங்காதரன். "மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்கப்படாது. சட்டத்த ஒரு தபா சொல்லிட்டு அப்பிடி ஓரமா நின்னுக்கோ. ஊட்டுக்கு வாங்கிக்கினு போறவங்க கூடவா நீ போய் சொல்லிக்கினு இருக்கப்போறே?"

"சரி," என்றான் ஸ்ரீரங்கன்.

நீரஜா சட்டங்களைச் சொன்னாள். கங்காதரன் சகுரா மரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா பூ?"

"சகுரான்னு பேர்."

"நம்ம ஊர்ல கெடைக்குமா?"

"கெடைக்காது."

"வாசம்?"

"வாசனை அவ்வளவா இருக்காது."

"வாசமில்லாத பூவ எதுக்கும்மா பொறுக்கணும்?"

ஓரமாக நின்ற ஸ்ரீரங்கன் சொல்லியும் கேளாமல் வாய் திறந்தான். "அது விழற அழகுக்காக."

கங்காதரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, விழட்டும். ஜப்பான் சாமான்னாலே இன்னிக்கி வாங்கினா நாளைக்கி ஒடஞ்சிடும்னு ஒரு பேர் கீது. ஆட்டமாவது ஒடையாம இருந்தா சரி. அங்காளு, காய எடு."

மரக்காய்கள் நான்கு. நரி, ஆமை, நாரை, முயல். கங்காதரன் நரியை எடுத்தார். அங்காளம்மாள் ஆமையை எடுத்துக்கொண்டு நீரஜாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் குந்து கண்ணு. ரெண்டு பேரு ஆடினா இன்னா ருசி? மூணு பேரா ஆடுவோம்."

நீரஜா உட்கார்ந்தாள். கைக்கு வந்தது முயல்.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. கங்காதரன் பகடையை உருட்டும்போது தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். மின்மினி வயலில் அவருக்கு அடுத்தடுத்து யோகம் அடித்தது. பௌர்ணமிக் கட்டத்தில் அங்காளம்மாள் நின்றபோது மூன்று பேரும் சும்மா இருக்க வேண்டியிருந்தது. "எத்தினி நாளாச்சு இந்த மனுசன் பேசாம குந்தி!" என்று அவள் சிரித்தாள். நீரஜாவுக்கும் சிரிப்பு வந்தது. ஸ்ரீரங்கனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து, கண் கொட்டாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நரி முதலில் கணவாய்க்குப் போய் நின்றது. "யாராவது வாங்களேன், வெறைக்குது!" என்று கங்காதரன் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஆமை வந்து சேர்ந்தது. நரியும் ஆமையும் சேர்ந்து இறங்கின. இரண்டு பகடையில் கடலுக்குப் போய்விட்டன.

"ஜெயிச்சாச்சு!" அங்காளம்மாள் கையைத் தட்டினாள்.

அப்போதுதான் முயல் கணவாய்க்கு வந்தது.

நீரஜா பகடையைக் கீழே வைத்தாள். யாருடைய முறை என்று கங்காதரன் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. அங்காளம்மாளுக்கும் முடிந்துவிட்டது. பின்னால் வருவதற்கு வேறு காய் இல்லை.

"இப்ப இன்னா?" என்றார் கங்காதரன்.

முயலை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த முசலு யாருக்குக் காத்துக்கினு கீது? வர்றதுக்கு ஆளே இல்லியே, சாமி?"

"பாவம்," என்றாள் அங்காளம்மாள். "ரெண்டு போயிடிச்சு. அது மட்டும் அங்கியே கீது."

எத்தனை இரவுகள் ஆடியிருக்கிறார்கள்! எப்போதும் இரண்டு பேர். மூன்று பேராக ஆடிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. மூன்று பேர் இருந்தால் ஒன்று பனியிலேயே நின்றுவிடும் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்று.

ஸ்ரீரங்கனின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டும். நீரஜா முந்திக்கொண்டாள். "கடைசியா வர காய், கையில இருக்கற பூவையெல்லாம் அங்கேயே வெச்சுட்டுத் தனியாப் போகலாம். அப்படி ஒரு சட்டம் வெச்சுடலாம்."

"கூடாது," என்றான் ஸ்ரீரங்கன்.

"வேற ஆள் இல்லேன்னா போய்த்தானே ஆகணும்?"

"தனியாப் போகப்படாது, நீரஜா."

"ஏன் போகப்படாது? வழி இறக்கம்தானே. போயிடும்."

"குழந்தை அது! அதுக்கு என்ன வழி தெரியும்?"

வெளியே ஒரு ஜட்கா மணியடித்துக்கொண்டு போயிற்று.

கங்காதரன் பலகையைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். "எது சாமி கொழந்த? இந்த முசலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அங்காளம்மாள் புருஷனின் முழங்கையை அழுத்தினாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, வெற்றிலைத் தட்டை ஓசைப்படாமல் தள்ளி வைத்தாள்.

ஸ்ரீரங்கன் வந்து பாயில் மண்டியிட்டான். கடலில் நின்ற நரியை எடுத்தான். வந்த வழியே, ஒவ்வொரு கட்டமாக வைத்து வைத்து, அதை மேலே கொண்டுபோனான். கணவாயில் முயலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"போனவா திரும்பி வரணும்," என்றான். "ஜெயிச்சாலும் ஜெயத்தை விட்டுட்டு, யாராவது ஒருத்தர் மேலே ஏறி வந்து கூட்டிண்டு போகணும். அதுவரைக்கும் ஆட்டம் முடியாது. இதான் சட்டம்."

கங்காதரன் நரியையும் முயலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அட நைனா! இதான் ஆட்டம்! ஜெயிச்சவன் தோத்தவனுக்காகத் திரும்பி வர்றான். யார் போறதுன்னு ஊட்ல பெரிய சண்டையே வருமே! அங்காளு, நீ போவியா, நான் போவட்டா? பாத்தியா, இப்பவே சண்ட! சாமி, நாளைக்கே அச்சாபீஸுக்கு எடுத்துக்கினு வா. கொலுவுக்கு முன்னாடி கடையில வெச்சிடலாம்."

ஸ்ரீரங்கன் கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்றுதான் கங்காதரன் நினைத்திருப்பார்.

நீரஜாவுக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. அவன் நரியை நகர்த்திக்கொண்டு போன கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த வழியை அவன் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தான்.

மயிலாப்பூர் வழியாகச் சாந்தோம் போகிற பஸ்ஸில் கூட்டமில்லை. ஸ்ரீரங்கன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். வானம் இன்னும் இறங்கி வந்திருந்தது. மழை பெய்துவிட்டாலாவது தேவலை என்றிருந்தது.

பஸ் ராயப்பேட்டையைத் தாண்டியது.

"நீங்க ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை," என்றாள் நீரஜா.

"எதை?"

"அன்னிக்குக் காலம்பற நீங்க துறைமுகத்துல இருந்தேள். சரக்கு ஏத்தற நாள். ஆள் வந்து சொல்லி, நீங்க ஓடி வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எப்படிப் போனா, என்ன சொன்னா, ஒண்ணுமே நீங்க கேக்கலை."

அவன் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நான் மடியிலதான் வெச்சுண்டிருந்தேன். ரெண்டு கையாலயும் கட்டிண்டிருந்தேன். அவ தனியா இல்லை. நீங்க அப்படி நெனச்சுண்டு நெனச்சுண்டு உருகறேள், அதுக்காகச் சொல்றேன். நான் கூட இருந்தேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அப்பவும் அவ தனியாத்தான் போனா. நான் அவ்வளவு கெட்டியாப் பிடிச்சிண்டிருந்தும், தனியாத்தான் போனா. யாரும் கூடப் போக முடியாது. யாரும் போய்க் கூட்டிண்டு வரவும் முடியாது."

ஸ்ரீரங்கன் வெளியே பார்த்தான். கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே புழுதி வந்து அவன் முகத்தில் படிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"கப்பல் எப்போ?" என்று கேட்டாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். யார் சொன்னது என்று கேட்பான் என்று நினைத்தாள். அவன் கேட்கவில்லை.

"நவராத்திரி கழிச்சு. கொழும்பிலேர்ந்து."

"எத்தனை டிக்கெட்?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ஒண்ணு," என்றான். "உன்னை மறுபடியும் அந்த ஊருக்கு இழுத்துண்டு போக எனக்கு மனசு வரலை. நீ இங்கே சுப்பு கூட இரு. நான் போய்..."

"போய்?"

என்ன செய்யப் போகிறான் அங்கே? ஜானுவைத் தகனம் செய்த மேட்டில் மரங்களுக்கு நடுவில் புகை போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பானா? ஹாருவின் வீட்டு வாசலில் போய் உட்காருவானா?

"என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றாள். "வரயா, வரலையான்னு. அவளுக்கு நான் யாரு?"

"நீரஜா, பஸ்ஸுல..."

"பஸ்ஸுலதான் கேக்கறேன்."

முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய லஸ் முனை வந்துவிட்டது. பஸ் நின்றது.

ஸ்ரீரங்கன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். தப்பித்தோம் என்கிற மாதிரி வேகமாக இறங்கினான். கீழே நின்று, அவள் இறங்குவதற்காகக் கையை நீட்டினான்.

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நீரஜா நினைத்தாள். உலை வைக்க வேண்டும். சுப்பு பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பான். என்ன ஆயிற்று என்று கேட்பான். விளையாட்டு பிடித்துப்போயிற்றாம் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கால் மட்டும் எழவில்லை.

"நீரஜா, இறங்கு."

அவன் நீட்டிய கையை அவள் பார்த்தாள். அது எதற்காகவோ நீட்டிய யாருடைய கையோ போலிருந்தது.

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, லஸ்ஸு வந்துடுச்சி. எறங்கலியா?"

அவள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"நீரஜா! ஏய், நிறுத்துங்கோ! நீரஜா!"

ஸ்ரீரங்கன் நாலடி ஓடி வந்தான். பலகை கக்கத்திலிருந்து சரிந்தது. அதைப் பிடிப்பதா, ஓடுவதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டான். ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. அப்புறம் அவனைக் காணவில்லை.

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "மைலாப்பூருக்குத்தானேம்மா சீட்டு வாங்கினீங்க? இது சாந்தோமுக்கில்ல போவுது. அங்க இன்னா ஜோலி? கடலாண்ட யாராவது தெரிஞ்சவங்க கீறாங்களா?"

"இல்லை," என்றாள் நீரஜா. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவள் விரல்கள் நிதானமாகத்தான் இருந்தன.

"ஒரு டிக்கெட் குடுங்கோ."